டிஎம்500 பழுதுபார்த்தல்: மாட்யூலைச் செருகும் முன்

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த டிஎம்500, ஒரே பெட்டியில் மாட்யூல்களாகச் செருகிப் பயன்படுத்தும் எலக்ட்ரானிக் சோதனைக் கருவிகளின் வரிசை. இதில் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எல்லாம் டிஎம்503, டிஎம்506 போன்ற மெயின்ஃப்ரேமில், அதாவது அந்தப் பெட்டியில்தான் இருக்கும். கரண்டைச் சுமக்கும் பாஸ் டிரான்சிஸ்டர்களும் ஸ்லாட்டுக்கு ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி என்று அங்கேயே இருக்கும். பல மாட்யூல்களுக்குள் இருப்பது அவற்றைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் மட்டுமே. அதனால் இங்கே பழுது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ஸ்லாட்டின் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால், ரெகுலேட் ஆகாத 33 வோல்ட் அப்படியே மாட்யூலின் ஐசிகளுக்குள் பாயும். மாட்யூலில் ஒரு டாண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ஸ்லாட்டின் டிரான்சிஸ்டர் போய்விடும். முதலில் காலி மெயின்ஃப்ரேம், அடுத்து மாட்யூல் தனியாக, அதன் பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பெட்டி பெரும்பாலும் 110-120 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் லைன் செலக்டரை மாற்றுங்கள். 220, 240 இரண்டும் இருந்தால் நம் ஊருக்கு 240 நல்லது. உள் வோல்டேஜ் சற்றுக் குறையும், சூடும் குறையும். ஃபியூஸையும் மாற்ற வேண்டும். மதிப்பு ஏறக்குறைய பாதியாகும், சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியே டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். இனி பாஸ் டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் பக்கத்துக்கு 28 வீதம் 56 காண்டாக்ட் கொண்ட எட்ஜ் கனெக்டர் உண்டு. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் அங்கே வந்து நிற்பதால் எதையும் சால்டர் எடுக்காமலே அளக்கலாம். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் இரண்டும் ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும். கலெக்டர்-எமிட்டர் இரு திசையிலும் ஓபனாக இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரை மாற்றினால், அதைப் பாடியிலிருந்து மின்சாரம் படாமல் பிரிக்கும் மைக்கா ஷீட்டையும் பாருங்கள். கலெக்டருக்கும் பாடிக்கும் இடையே கண்டினியூட்டி கேட்டால் ஷீட் கிழிந்திருக்கிறது.

முதல் பவர் 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுத்தான். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் ரெக்டிஃபையரோ கெப்பாசிட்டரோ ஷார்ட். பல்பை நீக்கியபின் அளக்க வேண்டியவை: +33.5, -33.5, +11.5 வோல்ட் டிசி. 25 வோல்ட் ஏசி வைண்டிங் இரண்டு, 17.5 வோல்ட் ஏசி ஒன்று. டிசியை அதனதன் காமன் காண்டாக்டை வைத்தே அளக்க வேண்டும். சுமை இல்லாதபோது எண்கள் சற்றுக் கூடித்தான் காட்டும்.

சுமையில்லாமல் அளப்பது கெப்பாசிட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது. 33.5 வோல்ட்டுக்கு 68 ஓம் 25 வாட், 11.5 வோல்ட்டுக்கு 22 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். இரண்டிலும் அரை ஆம்பியர் அளவில் ஓடும். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 100 ஹெர்ட்ஸ். கரண்டை 0.01 நொடியால் பெருக்கி கெப்பாசிட்டன்ஸால் வகுத்தால் அதிகபட்ச ரிப்பிள் கிடைக்கும். 2200 மைக்ரோஃபாரட் என்றால் உச்சிக்கு உச்சி 2.3 வோல்ட், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரின் ஏசி ரேஞ்சில் 0.6 சொச்சம். மேனுவலில் உள்ள மதிப்பைப் போட்டுப் பாருங்கள். இதைவிட இரண்டு மடங்கு வந்தால் கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது. அதே மதிப்பு, அதே வோல்டேஜ் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி வகை போடுங்கள். அளவு சரியாக இருந்தால் வயதை மட்டும் பார்த்து மாற்ற வேண்டியதில்லை.

மாட்யூலில் முதல் சந்தேகம் சொட்டு வடிவ டாண்டலங்கள் மேல்தான். பவர் இல்லாமல் ஒவ்வொரு சப்ளை லைனையும் கிரவுண்டுக்கு அளங்கள். ஓரிரு ஓம் காட்டினால் ஷார்ட். ஒவ்வொன்றாகக் கழற்றத் தேவையில்லை. பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட், 0.5 ஆம்பியர் லிமிட்டில் வைத்து அந்த லைனில் கொடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கருப்பு புரோபை கிரவுண்டில் நிறுத்தி, சிவப்பை டிராக் நெடுகக் கொண்டுபோனால் வோல்டேஜ் குறைந்துகொண்டே வரும். மிகக் குறைவாக நிற்கும் இடத்தில் இருப்பதுதான் குற்றவாளி. 33 வோல்ட் லைனில் 35 வோல்ட் டாண்டலத்தைத் திரும்பப் போடாதீர்கள். 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் போதும்.

அடுத்தது சாக்கெட். டிசி503 போன்ற கவுண்டரில் எண்கள் தாவினால் ஐசிகளை விரலால் அழுத்திப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் ஐசியைக் குறை சொல்லாதீர்கள், அந்தக் கால மலிவு சாக்கெட்டின் பிடிமானம் போயிருக்கும். டர்ன்ட்-பின் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். எட்ஜ் காண்டாக்டுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். உப்புத்தாள், பென்சில் ரப்பர் இரண்டும் தங்கப் பூச்சைத் தின்றுவிடும். புஷ்-பட்டன் சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, இருபது முறை அழுத்துங்கள். டபிள்யூடி-40 வேண்டாம்.

ஃபங்ஷன் ஜெனரேட்டரில் முக்கோண அலை கோணலாக வந்தால், எல்லா ரேஞ்சிலும் கோணலா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் சார்ஜ் செய்யும் கரண்ட் சோர்ஸ். ஒரே ரேஞ்சில் என்றால் அதன் டைமிங் கெப்பாசிட்டர் அல்லது சுவிட்ச் காண்டாக்ட்.

மாட்யூலைப் பெட்டிக்கு வெளியே வைத்து அளக்க எக்ஸ்டெண்டர் கேபிள் வேண்டும். டெக்ட்ரானிக்ஸின் பார்ட் எண் 067-0645-02. இதைக் கம்பி கட்டிச் செய்பவர்கள் கனெக்டரின் ஏ, பி பக்கங்களை மாற்றிவிடுவது சகஜம். செருகும் முன் 56 கம்பிகளையும் கண்டினியூட்டி பார்த்துவிடுங்கள்.

பழுது தீரும்வரை, அளவைச் சரிக்கட்டும் சின்னத் திருகான டிரிம்பாட் எதையும் தொடக்கூடாது. தீர்ந்தபின் அரை மணி நேரம் ஓடவிட்டு, முதலில் சப்ளை வோல்டேஜ், அதன்பின்தான் மற்றவை. சப்ளை தள்ளி நின்றால் மேலே செய்யும் ஒவ்வொரு சரிக்கட்டலும் அதற்கேற்பத் தள்ளியே நிற்கும்.