கத்திரி வெயிலில் வெளிப்புறப் படப்பிடிப்பைத் திட்டமிடும் முறை

சித்திரையும் வைகாசியும் நம் ஊர்ப் புகைப்படக்காரர்களுக்கு வேலை மிகுந்த மாதங்கள். முகூர்த்தங்கள், கோயில் திருவிழாக்கள், விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்களின் கூட்டுப் படங்கள் என எல்லாமே, மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28ஆம் தேதியை ஒட்டி முடியும் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னும் பின்னுமாக வந்து குவிகின்றன. வழக்கமாக நாம் முதலில் இடத்தையும், பிறகு உடையையும், கடைசியாக நேரத்தையும் முடிவு செய்கிறோம். கோடையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே பல ஆண்டுகளாக வெளிப்புறப் படங்கள் எடுத்துவரும் நான் கண்டுகொண்டது. முதலில் நேரத்தைக் குறித்துவிட்டு, அந்த நேரத்துக்குப் பொருந்துகிற இடத்தைத் தேட வேண்டும்.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது கிடைக்கும் பொன்னிற ஒளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று பயிற்சிக் காணொளிகளில் சொல்வதை நம்பித் திட்டமிட்டால் நம் நாட்டில் ஏமாந்துபோவோம். அந்தக் கணக்கு நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள நாடுகளுக்குரியது. லண்டனில் ஜூன் மாதச் சூரியன் சாய்வாக, மெதுவாக மேலே ஏறுகிறது. மதுரையில் மே மாதச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக, அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் ஏறிவிடுகிறது. மே மாத நடுவில் மதுரையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5.55 மணிக்கு. 6.25க்கெல்லாம் அந்தப் பொன்னிறம் வடிந்துவிடும். எட்டு மணி அளவில் சூரியன் தொடுவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். ஒன்பதேகாலுக்கு அது 45 டிகிரியைத் தொடும்.

இந்த டிகிரிக் கணக்குகளை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, நிழலைப் பார்த்தால் போதும். உங்கள் உதவியாளரை வெயிலில் நிற்கச் சொல்லி அவருடைய நிழலின் நீளத்தைப் பாருங்கள். நிழல் அவர் உயரத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் இருக்கும்வரை, அதாவது ஏறத்தாழ எட்டு மணிவரை, திறந்த வெளியில் முகப்படங்கள் நன்றாக வரும். நிழலும் உயரமும் சமமாகிவிட்டால் திறந்த வெளியில் முகம் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு புருவமும் மூக்கும் தம் நிழலைக் கண்ணிலும் உதட்டிலும் இறக்கத் தொடங்கும். எந்த மென்பொருளும் அதை இயல்பாகச் சரிசெய்து தருவதில்லை. ஏப்ரல் நடுவில் மதுரையிலும், 24ஆம் தேதியை ஒட்டிச் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் அன்று நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழுவதில்லை. மே மாதம் முழுவதும் ஏறக்குறைய இதே நிலைதான் நீடிக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் மணமக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியது, ஒப்பனை தாமதமானதால் ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. பட்டுப்புடவையும் நகையும் பூவுமாக நின்ற மணப்பெண் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தார். பத்தரை மணிக்குத் திடீரென்று ‘அண்ணா, கண்ணு இருட்டுது’ என்று சொல்லிக் கைப்பிடிச் சுவரைத் தேடினார். சுவர் சுட்டதால் அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது. நிழலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, அரை மணியில் அவர் தேறிவிட்டார். ஆனால் படம் எடுக்கிற ஆர்வத்தில், எதிரில் நிற்பவர் காலையிலிருந்து என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னுடைய கோடைத் திட்டத்தாளின் முதல் வரியே தண்ணீர்தான்.

மதுரையில் மே மாத நடுவில் ஒரு மணமக்கள் படப்பிடிப்பு என்றால் நான் போடும் திட்டம் இது. நான்கே முக்காலுக்குள் அனைவரும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஆகவே ஒப்பனை முந்தைய நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் என்பதை இரு வீட்டாருக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வேன். ஐந்தரையிலிருந்து சூரியன் உதிக்கும்வரை, வானம் நீலமாக இருக்கும் நீலவெளிச்சத்தில் அகன்ற காட்சிகள். உதயத்திலிருந்து அரை மணி நேரம் முகத்தருகுப் படங்கள் மட்டும். பிறகு ஏழேமுக்கால்வரை மரநிழலும் மண்டப நிழலும். எட்டு மணிக்குச் சிற்றுண்டி, அத்துடன் காலைப் பகுதி முடிந்தது. மாலையில் நான்கே முக்காலுக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்பேன். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் தயங்காமல் காலையைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் ஒளி அதே அளவு சாய்ந்திருந்தாலும், பகல் முழுவதும் வெந்த கருங்கல்லும் தார்ச்சாலையும் அந்தச் சூட்டை நம்மீது விட்டுக்கொண்டே இருக்கும். இடிமழை வருவதும் பெரும்பாலும் மாலையில்தான்.

நண்பகலில் எடுத்தே ஆக வேண்டிய நிலையும் வரும். தாலி கட்டி முடிந்ததும் பதினொரு மணிக்கு மண்டப வாசலில் குடும்பப் படம் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் மறுக்க முடியாது. அப்போது வெயிலுக்குள் போகாமல் வெயிலின் விளிம்பில் நிற்பதே வழி. திண்ணை, தாழ்வாரம், மண்டபத்தின் முன்பகுதி போன்ற இடங்களில், கூரை நிழலின் உள்ளே இரண்டடி தள்ளி ஆட்களை வெளியே பார்க்க நிறுத்தினால், எதிரேயுள்ள தரையில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து முகத்தை நிரப்பும். வெளிர்நிறச் சிமெண்டுத் தரை வெள்ளை ஒளியையும், செம்மண் தரை தோல் நிறத்துக்கு இதமான சூடான ஒளியையும் தரும். புல்தரை பச்சையை ஏற்றிவிடும், அதைத் தவிருங்கள். இலை இடைவெளிகளில் வெயில் புள்ளி புள்ளியாக விழும் மரத்தடியையும் தவிருங்கள்.

ஃபிளாஷ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. தெளிந்த வானத்து நண்பகலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 16 என்று வைத்தால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ நொடியில் 100இல் ஒரு பங்கு. பின்புலம் மங்க வேண்டும் என்று எஃப் 2.8க்குத் திறந்தால் அது 3200இல் ஒரு பங்காகிவிடும். ஃபிளாஷ் முழு ஆற்றலுடன் ஒத்துழைக்கும் வேகமோ பல கேமராக்களில் 200 அல்லது 250இல் ஒரு பங்குதான். ஆகவே ஒளியை நான்கு ஸ்டாப், அதாவது பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 16 என்ற கருமைக் கண்ணாடி ஃபில்ட்டர் ஒன்று கோடைப் பையில் இருக்க வேண்டும். அதே வெயிலில் கேமராவின் திரை சரியாகத் தெரியாது என்பதால், வெளிச்ச அளவை, படத்தின் இருளும் ஒளியும் பரவியிருப்பதைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கருவிகளுக்கும் வெயில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான கேமராக் கையேடுகளில் பயன்பாட்டு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்றும், ஐபோனுக்கு 35 டிகிரி வரை என்றும் இருக்கும். வானிலை நிலையம் சொல்லும் 40 டிகிரி நிழலில் அளக்கப்பட்டது. வெயிலில் கிடக்கும் கறுப்புக் கேமரா அதைவிடச் சூடாக இருக்கும். ஒரு வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டை எப்போதும் கையில் வைத்திருந்து, இரண்டு படங்களுக்கு இடையே கேமராவை மூடிவையுங்கள். பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுச்செல்லாதீர்கள். நீண்ட வீடியோவுக்கு இரண்டாவது கேமராவை நிழலில் தயாராக வைத்திருங்கள்.

கடலோர ஊர்களில் வேறொரு சிக்கல் உண்டு. சென்னையில் ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை விடியற்காலைக் காற்றில் நீட்டிய உடனே லென்ஸ் பால்போல் வெளுத்துப்போவதைப் பலரும் கண்டிருப்பார்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று நீராகப் படிவதே காரணம். துடைத்தால் மறுபடியும் படியும். லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சைக்கு வழிவகுக்கும். பையை மூடியபடியே ஏசி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் வைத்துவிடுவதே சரியான முறை. நான் முந்தைய இரவே பையை ஏசி அறைக்கு வெளியே வைத்துவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் காட்சி கிடைக்கும், அவை கரைதிரும்பும் காட்சி கிடைக்காது.

பறவைகளை எடுப்பவர்களுக்கு வெப்பத்தைவிடப் பெரிய எதிரி கானல். தரை சூடானதும் அதன்மேல் நெளியும் காற்று, நீண்ட லென்ஸில் இறகின் நுணுக்கத்தை அழித்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் அது தீராது. காலை எட்டு மணிக்குள் எடுப்பதும், குறைந்த தூரத்திலிருந்து எடுப்பதும்தான் தீர்வு. ஆனால் கூடுகளின் அருகில் அந்த இரண்டாவது வழி கூடாது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பொறித்த குஞ்சின் மேல் தாய்ப்பறவை இறக்கையைப் பாதி விரித்து, சூரியன் நகர நகரத் தானும் திரும்பி நிழல் கொடுத்துக்கொண்டே நிற்கும். நாம் நெருங்கி அது பறந்துவிட்டால், அந்தச் சில நிமிட வெயிலே குஞ்சுக்கு ஆபத்தாகலாம். அந்தப் படம் வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள்.

மலைக்குப் போய்விட்டால் வெயில் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்கள், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே காலை தெளிவாக இருந்து, பிற்பகலில் மூடுபனியும் மழையும் இறங்குவது மே மாதத்தில் வழக்கம். காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகும் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

கடைசியாக, கோடை மழை. உள்மாவட்டங்களில் பிற்பகலுக்கு மேல் திரளும் இடிமேகம் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். முந்தைய நாள் இரவிலும் கிளம்பும் முன்பும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாவட்ட எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள். இடத்தில் நிற்கும்போது மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி செயலியைத் திறந்து வையுங்கள். மின்னலைக் கண்டதிலிருந்து எண்ணத் தொடங்கி முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், ட்ரைபாடையும் விளக்குக் கம்பத்தையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். காத்திருப்பது வீண்போவதில்லை. மழை ஐந்து மணிக்குள் ஓய்ந்துவிட்ட நாளில், புழுதி கழுவப்பட்ட காற்றில் மேற்கே மேகம் விலகி வெயில் விழும்போது, தெப்பக்குளத்து ஈரப் படிகளில் மைய மண்டபம் தலைகீழாகத் தெரியும். அப்போது மணமக்களைச் செருப்பில்லாமல் அந்தப் படியில் நிறுத்தலாம், கல் குளிர்ந்திருக்கும்.