பிறந்த குதிரைக் குட்டிக்கு வலிப்பா? தலையை ஸ்கேன் செய்யும் முன்னும் பின்னும்

நல்ல குட்டி பிறந்த 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், 2 மணி நேரத்துக்குள் மடியைத் தேடிக் குடிக்கும். உங்கள் குட்டி அப்படியில்லாமல் சுவரை நக்கிக்கொண்டு, தாய் எது என்றே தெரியாமல் சுற்றி வருகிறதா, அல்லது வலிப்பே வந்துவிட்டதா? உடனே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். டயசிபாம் அல்லது மிடசோலம் கொடுத்து வலிப்பை நிறுத்துங்கள், கையோடு ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், ஏனென்றால் அது இறங்கினாலே வலிப்பு வரும். அப்புறம் சோடியம், ரத்தத்தில் கிருமித் தொற்று, சீம்பால் போதுமான அளவு சேர்ந்ததா என்று காட்டும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம்.

பிரசவத்தில் ஆக்சிஜன் குறைந்து மந்தமான குட்டிகளில் பெரும்பாலானவை நல்ல கவனிப்பில் சில நாட்களில் தேறிவிடும், அவற்றுக்கு ஸ்கேன் தேவையே இல்லை. மருந்துக்கு வலிப்பு அடங்கவில்லை, தலையில் அடிபட்டிருக்கிறது, நெற்றி புடைத்திருக்கிறது, நாளாகியும் முன்னேற்றமில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

எலும்பு முறிவு, புதிய ரத்தக்கசிவு, மூளையில் நீர்க்கோப்பு, இவற்றுக்கு சிடி ஸ்கேன் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூளைத்திசு வீக்கம், மூளைத்தண்டு, சிறுமூளை என்றால் எம்ஆர்ஐதான் தெளிவு, ஆனால் மயக்க மருந்தில் வைத்திருக்கும் நேரம் நீளும், நோயுற்ற குட்டிக்கு என் கணக்கில் அதுதான் பெரிய ஆபத்து. ஆரம்பத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும் ஆக்சிஜன் குறைவால் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனிதக் குழந்தைக்கு உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்ப்பதுபோல இங்கே முடியாது, மண்டையோடு பிறக்கும்போதே மூடியிருக்கும்.

குட்டி ஏறக்குறைய 50 கிலோதான், அதனால் மனிதர்களுக்கான கருவியிலேயே படுக்க வைக்கலாம். எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் தலைக்கயிற்றின் வளையம், கொக்கி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூச்சுக்குழாயில் செருகும் குழாயையும் பாருங்கள்: உள்ளே சுருள்கம்பி வைத்த வகை கூடவே கூடாது, கம்பி இருக்கும் இடத்தில் படம் கெட்டுப்போகும். அரேபியக் குட்டியாக இருந்தால் கழுத்தை மடக்காமல் தாங்கிப் பிடியுங்கள், தலையும் கழுத்தும் சேரும் எலும்புகள் பிறவியிலேயே கோணலாக இருப்பது அந்த இனத்தில் தெரிந்த விஷயம், அதற்கு சிடி எடுத்தால் தெளிவாகத் தெரியும். உடல் சூடு சீக்கிரம் இறங்கும், கம்பளி போர்த்துங்கள், இடையில் சர்க்கரையை மறுபடி பாருங்கள்.

மயக்கம் தெளிந்ததும் நெஞ்சு கீழே இருக்கும்படி நிமிர்த்திப் படுக்க வையுங்கள். விரலை வாயில் வைத்தால் இழுத்துச் சப்ப வேண்டும். அது வரும்வரை புட்டிப்பால் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும், மூக்குக் குழாய் வழியாகக் கொடுங்கள்.