டர்போபிராப் கலைச்சொற்கள்: ஒரே என்ஜினை வைத்துப் படிப்பது எப்படி?

டர்போபிராப் என்பது, எரிந்த வாயுவால் டர்பைனைச் சுழற்றி அதைக் கொண்டு புரொப்பெல்லரை ஓட்டும் என்ஜின். அதன் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு என்ஜினை எடுத்துக்கொண்டு, காற்று போகிற வழியே போய்ப் பாருங்கள். நான் அப்படித்தான் படித்தேன். இங்கே எடுத்துக்கொள்வது செஸ்னா காரவன் என்ற சிறிய விமானத்தில் இருக்கும், பிடி6 குடும்பத்தைச் சேர்ந்த பிடி6ஏ-114ஏ (PT6A-114A). ஜெட் என்ஜினின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: படம் வரையுங்கள். பிடி6-ல் காற்று பின்பக்கம் நுழைந்து முன்னோக்கி வரும். கம்ப்ரசர், எரியறை, கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைன் மூன்றும் சேர்ந்ததுதான் கேஸ் ஜெனரேட்டர். அதற்கு முன்னால் பவர் டர்பைன், வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ், புரொப்பெல்லர். பென்சிலும் காகிதமும் போதும். அனிமேஷன் வீடியோக்களைவிட இதுவே மனதில் நிற்கும்.

படி 2: இரண்டு வேகங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த இரண்டு டர்பைன்களையும் எந்த ஷாஃப்ட்டும் இணைக்கவில்லை. நடுவே பாய்வது வெறும் வாயு. அதனால்தான் 'ஃப்ரீ டர்பைன்' என்கிறார்கள். கேஸ் ஜெனரேட்டரின் வேகம் என்ஜி (Ng). அதில் 100% என்றால் நிமிடத்துக்குச் சுமார் 37,500 சுற்று. புரொப்பெல்லரின் வேகம் என்பி (Np). காரவனில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 1,900 சுற்று. ஸ்டார்ட் செய்யும்போது முதலில் என்ஜி ஏறும், புரொப்பெல்லர் அப்புறம்தான் நிதானமாகச் சுழலத் தொடங்கும்.

டோர்னியர் 228 விமானத்தில் இருக்கும் டிபிஇ331 (TPE331) என்ஜின் அப்படியல்ல. அது ஒற்றை ஷாஃப்ட். புரொப்பெல்லர் சுழன்றால் கம்ப்ரசரும் சுழலும். நிறுத்தி வைத்த விமானத்திலேயே வித்தியாசம் தெரியும். பிடி6-ல் ஆயில் அழுத்தம் இறங்கியதும் பிளேடுகள் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும், அதுதான் ஃபெதர். டிபிஇ331-ல் அடுத்த ஸ்டார்ட்டுக்காக பிளேடுகளைத் தட்டையாகப் பூட்டி வைப்பது வழக்கம்.

படி 3: ஷாஃப்ட் குதிரைத்திறன். டார்க்கை, அதாவது ஷாஃப்ட்டைத் திருப்பும் விசையை (பவுண்டு-அடியில்), என்பியால் பெருக்கி 5,252-ஆல் வகுங்கள். காரவனில் 1,865 × 1,900 ÷ 5,252 = ஏறக்குறைய 675. அந்த என்ஜினின் ரேட்டிங்கும் 675-தான். கால்குலேட்டரில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 4: சமான ஷாஃப்ட் குதிரைத்திறன். புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவும் கொஞ்சம் தள்ளும். விமானம் நிற்கும் நிலையில் அந்த உந்துவிசையை (பவுண்டில்) 2.5-ஆல் வகுத்து, படி 3-ல் கிடைத்த எண்ணோடு கூட்ட வேண்டும். 75 பவுண்டு என்றால் 30 கூடும். இரண்டு என்ஜின்களை ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஷாஃப்ட் குதிரைத்திறனையும் மற்றதற்கு சமான ஷாஃப்ட் குதிரைத்திறனையும் எடுத்துவிடாதீர்கள்.

படி 5: பீட்டா. பவர் லீவரை ஐடிலுக்கும் கீழே இழுத்தால், பிளேடு கோணம் நேராக லீவரின் கைக்கு வந்துவிடும். தரையில் மெதுவாக உருள இது போதும். இன்னும் இழுத்தால் ரிவர்ஸ், அதாவது புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும்.

எண்களைச் சரிபார்க்க அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ இலவசமாகத் தரும் டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட்டைத்தான் (என்ஜினின் அங்கீகரிக்கப்பட்ட அளவுகள் அடங்கிய ஆவணம்) நான் நம்புவேன்.

பின்சேர்க்கை: ஹெலிகாப்டர்களில் இருக்கும் டர்போஷாஃப்ட் என்ஜின் வேறா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உள்ளே அதே கேஸ் ஜெனரேட்டர், அதே பவர் டர்பைன்தான். ஷாஃப்ட் புரொப்பெல்லருக்குப் பதிலாக ஹெலிகாப்டரின் ரோட்டரைச் சுழற்றும். பெல் 212 ஹெலிகாப்டரில் இருப்பது பிடி6டி (PT6T), இதே குடும்பம்தான்.