க்ரைம் தொடரில் ஒளிந்திருக்கும் உறவைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகத் தியரி எழுதுவோருக்கு ஒரு செய்முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு ஆயா (பாட்டி), அக்கா, நான் மூவரும் சேர்ந்துதான் க்ரைம் தொடர் பார்ப்போம். ஒரு நாள் மூன்றாவது எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆயா திடீரென்று கேட்டார்: "இந்தப் பையன் அந்தாளைச் சித்தப்பாங்கிறான், அவர் பொண்டாட்டியை அக்காங்கிறான். இது என்ன முறை?"

அதுவரை நானும் அக்காவும் கைரேகை, சிசிடிவி என்றே பேசிக்கொண்டிருந்தோம். ஆறாவது எபிசோடில் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பையன் அந்த வீட்டு ரத்தம். வேற்றாள் மாதிரி நடந்துகொள், அந்தம்மாவை அக்கா என்று கூப்பிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தப்பா என்ற சொல் மட்டும் அவனை மீறி வாயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் தியரி, அதாவது தொடரின் மர்மத்தைப் பற்றிய ஊகம், எழுதும் முறையே மாறிவிட்டது. கொன்றது யார் என்று தேடும் முன்னால், யாருக்கு யார் என்ன முறை என்று தேடுகிறேன். நம் மொழியில் ரகசியம் முதலில் கசிவது அங்கேதான். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். 40 பக்க நோட்டு ஒன்றும் இரண்டு நிறப் பேனாவும் போதும்.

பழகுவதற்காக நானே ஒரு கதை கட்டியிருக்கிறேன். கடலூர் முதுநகரில் விசைப்படகு முதலாளி முத்தையன் தன் ஐஸ் கம்பெனிக்குள் இறந்து கிடக்கிறார். மகன் பாஸ்கர், மகள் கலா. முத்தையனின் தங்கை ராஜம்மாவும் அவர் மகளும் அதே வீட்டில் இருக்கிறார்கள். பழைய கணக்குப்பிள்ளை நடேசன். ஆறு மாதத்துக்கு முன் புதுச்சேரியிலிருந்து வேலைக்கு வந்த 27 வயது மெக்கானிக் சரவணன். முத்தையனுக்குத் தங்கவேல் என்று ஓர் அண்ணன் இருந்தார். 1995இல் பிரான்சுக்குப் போனவர், அப்புறம் தகவலே இல்லை. கதை நடப்பது 2024இல்.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள்

பேனாவைத் தொடாதீர்கள். எந்த இடத்தில் உங்களுக்கு நெருடியது என்பது மட்டும் மனதில் நிற்கட்டும். இரண்டாம் தடவை பார்க்கும்போது நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். முதல் தடவையே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களுக்குத் தொடரின் மூச்சு பிடிபடாது. எல்லாமே துப்பு மாதிரித் தெரியும்.

படி 2: வம்சாவளி வரையுங்கள்

தாத்தா மேலே, பிள்ளைகள் கீழே, அவ்வளவுதான். தொடர் கண்ணால் காட்டியதை நீல மையில் எழுதுங்கள். ஒரு பாத்திரம் வாயால் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். நம் கதையில் "தங்கவேல் பிரான்சுக்குப் போனார்" என்பது சிவப்பு. யாரும் அதைக் காட்டவில்லை, முத்தையன் சொன்னதுதான். இந்த ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதித் தியரி தானாக வந்துவிடும்.

படி 3: உறவுச் சொற்களைப் பிடியுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. ஆங்கில சப்டைட்டிலில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாமே ஒரே சொல்லில் அடங்கிவிடும். நமக்கோ அப்பா வழி வேறு, அம்மா வழி வேறு, பங்காளி வேறு, மாமன் மச்சான் வேறு. ஆகவே தமிழ் ஒலியில் பாருங்கள், சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள்.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார் என்று எழுதுங்கள். பிறகு முறை ஒட்டுகிறதா என்று பாருங்கள். கணவர் சித்தப்பா என்றால் மனைவி சித்தி. மனைவி அக்கா என்றால் கணவர் மாமா. ஒட்டாத இடத்தில் ஒருவர் நடிக்கிறார் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். நம் தெருவில் பால்காரரும் மாமாதான், பஸ் கண்டக்டரும் அண்ணன்தான். அன்பாக, மரியாதையாக அழைப்பதில் முறை இருக்க வேண்டியதில்லை. தனியாக இருக்கும்போதும், பதறும்போதும், சாவு வீட்டிலும் வரும் சொல்லுக்கே எடை அதிகம்.

இப்போது நம் கதை. ராஜம்மா ஒரு தடவை சரவணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே "சாப்பிடு மருமகனே" என்கிறார். பார்ப்பவர்கள் பிரியம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். நீங்கள் எழுதி வையுங்கள்: ஒரு பெண்ணுக்கு அண்ணன் மகன் மருமகன் முறை.

இது மட்டும் போதாது. இன்னும் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரவணன் ராஜம்மாவின் மகளோடு சிரித்துப் பேசுகிறான். ராஜம்மா கண்டுகொள்ளாமல் மீன் ஆய்கிறார். அவன் முத்தையன் மகள் கலாவோடு பேசுகிறான். ராஜம்மா ஓடி வந்து பிரித்துவிடுகிறார். ஏன் என்று கலா கேட்டதற்கு, "அது ஆகாது" என்கிறார், அவ்வளவே. அவன் கூலிக்காரன் என்றோ, சாதி வேறு என்றோ சொல்லவில்லை. ஆகாது என்றால் முறை இல்லை. அத்தை மகள் அவனுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகள் தங்கை. ஒரே பையனிடம் ஒரு பெண்ணுக்கு அனுமதி, இன்னொரு பெண்ணுக்குத் தடை. இரண்டையும் சேர்த்து விளக்கும் ஊகம் இது: சரவணன் தங்கவேலின் மகன் என்று ராஜம்மா நம்புகிறார்.

"நம்புகிறார்" என்றே எழுதுங்கள். இது படி 7இல் தேவைப்படும்.

சடங்குகளையும் விடாதீர்கள். கொள்ளி வைப்பது யார், காதுகுத்தில் யார் மடியில் குழந்தை உட்காருகிறது, சீர் கொண்டு வருவது யார், கூட்டத்தில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள். இயக்குநர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருப்பார்கள், ஏனென்றால் நம் பாட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 4: இனிஷியல், பெயர், காகிதம்

தமிழ்நாட்டில் இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து. டிரைவிங் லைசென்ஸ், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எது திரையில் வந்தாலும் அங்கே நிறுத்துங்கள். சரவணன் போலீசிடம் அப்பா பெயர் மணி என்கிறான். லைசென்ஸில் ஒரு நொடி தெரிவது "டி. சரவணன்". மணி என்றால் எம் வர வேண்டும், டி என்றால் தங்கவேல் ஆகலாம்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் இங்கே பெரிய துப்பு. பெயரன் என்பதுதானே பேரன் ஆனது! ஒரு பாத்திரத்தின் குழந்தைக்கு அந்தக் காலப் பெயர் ஒன்று இருந்தால், வம்சாவளியில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

கதை புதுச்சேரியில் நடந்தால் காகிதம் இன்னும் சுவையாகிவிடும். 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். பிறகு 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பிரான்சோடு செய்த ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு. ஆகவே பெயரும் பாஸ்போர்ட்டும் வேறாக இருப்பதால் உறவு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வண்டியின் நம்பர் பிளேட்டில் புதுச்சேரிப் பதிவான பிஒய் 01 என்று இருந்தால் அவன் புதுச்சேரிக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். கடலூரில் எத்தனை வண்டி அப்படி ஓடுகிறது என்று நமக்கே தெரியும்.

படி 5: வயதைக் கூட்டிக் கழியுங்கள்

சரவணனுக்கு 2024இல் 27 வயது முடிந்தது என்றால் பிறந்தது 1997. தங்கவேல் 1995இல் பிரான்சுக்குப் போய்த் தொலைந்திருந்தால் இந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தான்? அவர் போகவே இல்லை, அல்லது திரும்பி வந்தார். இரண்டில் எதுவானாலும் முத்தையன் சொன்னது பொய், அல்லது அவருக்கே யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பற்றி, வழக்கமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டுகளாக ஒன்றுமே தெரியவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூன் வரை இருந்த 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இது 108ஆம் பிரிவு; அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் இதே விதி உண்டு. 1995உடன் 7 கூட்டினால் 2002. அந்த ஆண்டு அண்ணன் பங்கு தம்பி கைக்கு வந்ததாகப் பத்திரம் காட்டப்பட்டால், அப்போது 5 வயதில் ஒரு வாரிசு புதுச்சேரியில் இருந்திருக்கிறான். கொலைக்கான காரணம் கிடைத்துவிட்டது.

திருவிழாவையும் காலண்டராகப் பயன்படுத்தலாம். 2022இல் வந்த "சுழல்" தொடர் மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாகக் கொண்டது. மயானக் கொள்ளை மாசி அமாவாசையில். தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் மாசி மகமோ பௌர்ணமியை ஒட்டி. ஏதாவது ஒரு தொடரில் மயானக் கொள்ளை இரவில் முழு நிலா தெரிந்தால், அது படப்பிடிப்புப் பிழையா, வேறொரு நாளின் காட்சியை இடையில் செருகியிருக்கிறார்களா என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

படி 6: ரத்தமும் டிஎன்ஏவும்

ஆஸ்பத்திரிக் காட்சியில் ரத்த வகை காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவருக்கும் ஓ என்றால் பிள்ளைக்கு ஏ, பி, ஏபி வராது. பெற்றோரில் ஒருவருக்கு ஏபி என்றால் பிள்ளைக்கு ஓ வராது. மிக அரிதான விலக்குகள் உண்டு. 1952இல் மும்பையில் கண்டறிந்த பம்பாய் ரத்த வகை சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும். இன்னொன்று, வகை பொருந்தினால் பெற்றோர் என்று ஆகிவிடாது. பொருந்தாதபோது சந்தேகிக்க மட்டுமே இது உதவும்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். அண்ணன் தம்பி, அவர்களின் மகன்கள் எல்லோருக்கும் ஒன்றே. பங்காளி என்று நாம் சொல்வது ஏறக்குறைய இந்த வழிதான். ஆக, சரவணனுக்கும் பாஸ்கருக்கும் ஒய் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் உடனே சரவணனைப் போலி என்று எழுதாதீர்கள். பாஸ்கர் முத்தையன் மகன்தானா என்ற கேள்வியும் அதே தாளில் இருக்கிறது. இரண்டு வழியையும் வரைந்து வையுங்கள்.

இரட்டையர் தியரிக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாக எழுதும் எல்லோரும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு வழக்கமான டிஎன்ஏ சோதனை ஒரே மாதிரி வரும், கைரேகை வேறுபடும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த 10 விதிகளில் கடைசி விதி, வாசகரைத் தக்கபடி தயார் செய்யாமல் இரட்டையரைக் கொண்டு வரக்கூடாது என்பது. முன் எபிசோடுகளில் அதற்கு விதை இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 7: உங்கள் தியரியை நீங்களே உடையுங்கள்

சரவணன் தங்கவேலின் மகன் என்று நிறுவிவிட்டோம். இப்போது எதிர்ப்பக்கம் உட்காருங்கள். ராஜம்மா நம்புகிறார் என்பது மட்டும்தானே நம் கையில் உள்ளது? யாரோ அவரை நம்ப வைத்திருந்தால்?

இதற்கு "புதிய பறவை"யை ஒரு தடவை பார்ப்பது நல்லது. 1964இல் வந்த படம், முடிவு தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

நாயகனின் இறந்த மனைவி சித்ரா நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். எல்லாச் சான்றும் பொருந்துகிறது. பொருந்துவதற்குக் காரணம், பொருந்த வேண்டும் என்று திட்டமிட்டுத் தயாரித்ததே. நாம் அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் யாரென்று மறைத்துக்கொண்ட இன்னொருவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்: காதலி லதா, போலீஸ் அதிகாரி. எனக்குத் தமிழில் இதைவிட அழகான ஒளிப்பு தெரியாது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கம் இரண்டு. அளவுக்கு மீறிப் பொருந்தும் சான்றைச் சந்தேகிப்பேன்: பையில் மடித்து வைத்த பழைய போட்டோ, கேட்ட உடனே கிடைக்கும் பிறப்புச் சான்றிதழ் போன்றவை. அடுத்து, "நீ யார்" என்று கதையில் எவரும் கேட்காத ஆள் யார் என்று தேடுவேன்.

படி 8: எழுதிப் போடுவது

எந்த எபிசோடு வரை பார்த்து எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தலைப்பில் வேண்டாம். நீல மைச் சான்றுகளை முதலில் வையுங்கள், சிவப்பு மையைத் தனியாக. தியரி பொய்த்துப்போனால் அழிக்காமல், எந்தக் காட்சியில் உடைந்தது என்று அடியில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அது பாடம்.

தொடர் உண்மை வழக்கு ஒன்றைத் தழுவியது என்றால், அந்த வழக்கின் குடும்பத்தைத் தேடிப் போகாதீர்கள். அங்கே செத்தது ஒரு நிஜ மனிதர். அவர் பிள்ளை யாருடைய பிள்ளை என்று நாம் ஊகிக்கக் கூடாது. பாத்திரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நம் கதையின் நோட்டைத் திரும்பத் திறங்கள். கணக்குப்பிள்ளை நடேசனைப் பற்றி இத்தனை படியிலும் நான் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. 1995இலும் 2002இலும் அந்த வீட்டுக் காகிதம் அத்தனையும் யார் கையில் இருந்தது? அவர் இனிஷியல் என்ன? ராஜம்மா அவரை என்னவென்று கூப்பிடுகிறார்? இந்த மூன்றுக்கும் பதிலை நீங்களே வைத்து, வம்சாவளியில் அவரை எங்கே எழுதுவீர்கள் என்று வரைந்து பாருங்கள்.