காஸ் யூனிட்டைக் கரண்ட் யூனிட்டாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் இருக்கும் அக்கா குளிர்கால காஸ் பில் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு மாதத்துக்கு 1,122 கிலோவாட் மணித்தியாலம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக் கரண்ட் பில் 90 யூனிட்டைத் தாண்டுவது அரிது. ஒரு யூனிட் என்பதும் ஒரு கிலோவாட் மணித்தியாலம்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். "என்ன மனே, பன்னிரண்டு வீட்டுக் கரண்டையா இவள் தனிய எரிக்காள்?" என்று பதறிவிட்டார்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். காஸ் பில்லில் இருப்பது வெப்பம். கரண்ட் பில்லில் இருப்பது வயர் வழியே வந்து சேர்ந்த மின்சாரம். வெப்பத்தை மின்சாரமாக்கும்போது பெரும்பங்கு இழப்பாகிவிடும். எரிவாயுச் சுழலியோடு நீராவிச் சுழலியும் சேர்ந்த நல்ல மின்நிலையமே 50 முதல் 60 வீதத்தைத்தான் மின்சாரமாக்கும். எரிவாயுச் சுழலி மட்டும் என்றால் 35, 40 வீதம். அக்கா எரித்த காஸை முதல் வகை நிலையத்துக்குக் கொடுத்திருந்தால் ஏறத்தாழ 600 யூனிட் கிடைத்திருக்கும். அதனால் 'இத்தனை யூனிட்' என்று யாராவது சொன்னால், வெப்பமா மின்சாரமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

சரி, அந்த 1,122 எப்படி வந்தது? மீற்றர் அளப்பது சக்தியை அல்ல, கன அளவை. அக்கா வீட்டில் 100 கன மீற்றர் ஓடியிருந்தது. வெப்பநிலை, அமுக்கம் ஆகியவற்றுக்காக அதை 1.02264 ஆல் பெருக்குவார்கள். பிறகு அந்தக் காஸின் கலோரிப் பெறுமானத்தால், அதாவது ஒரு கன மீற்றர் எரிந்தால் வரும் வெப்பத்தால் பெருக்குவார்கள்; அந்தப் பில்லில் அது கன மீற்றருக்கு 39.5 மெகாயூல். கடைசியில் 3.6 ஆல் வகுப்பார்கள், ஏனென்றால் ஒரு கிலோவாட் மணித்தியாலம் 3.6 மெகாயூல். கலோரிப் பெறுமானம் ஒரே எண்ணாக நிற்காது, எரிவாயுவின் கலவைக்கேற்ப மாறும். பில்லில் அச்சிட்டதை விட்டுவிட்டு இணையத்தில் கண்ட எண்ணைப் போட்டால் விடை விலகும். அங்குள்ள பழைய மீற்றர்கள் நூறு கன அடிகளில் எண்ணுபவை. நூறு கன அடி 2.83 கன மீற்றர். மீற்றர் எந்த வகை என்று பார்க்காவிட்டால் பில்லே கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிழைத்துவிடும்.

உலகச் சந்தை விலைச் செய்திகளில் வரும் பி.டி.யு. என்ற பிரித்தானிய வெப்ப அலகு இன்னொரு குழி. ஒரு கிலோவாட் மணித்தியாலம் 3,412 பி.டி.யு. 'எம்.எம்.பி.டி.யு.' என்பதில் ஒரு எம் ஆயிரத்தைக் குறிக்கும் ரோம எழுத்து; இரண்டு எம் ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து இலட்சம். அது 293 கிலோவாட் மணித்தியாலம். ஒரு எம்மை விட்டுவிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு பிசகும். இந்த 293 உம் வெப்பம்தான்.

கலோரிப் பெறுமானத்திலேயே மொத்தம், நிகரம் என இரண்டு உண்டு. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம், விட்டால் நிகரம். இயற்கை எரிவாயுவில் இரண்டுக்கும் சுமார் பத்து வீத வித்தியாசம். எரிபொருளின் வெப்பத்தை ஒன்றிலும், அதில் எத்தனை வீதம் பயனாகும் என்ற வினைத்திறனை மற்றதிலும் எடுத்துப் பெருக்கக் கூடாது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். நாம் வாங்கும் சிலிண்டரில் இருப்பது இயற்கை எரிவாயு அல்ல, புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மெதேன். ஒரு கன மீற்றர் புரொப்பேன் வாயுவில் அதே அளவு மெதேனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் உண்டு. ஆகவே அக்காவின் பில் சூத்திரம் இங்கே உதவாது, கிலோவில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கிலோவுக்கு நிகரமாக 46 மெகாயூல் என்று வைத்தால், 12.5 கிலோ சிலிண்டரில் 160 கிலோவாட் மணித்தியால வெப்பம்.

கல்முனையில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் இந்த 160 ஐ வைத்து, "அப்ப இண்டக்சன் அடுப்புக்கு 160 யூனிட் கட்ட வேணுமே" என்று அந்த யோசனையையே கைவிடப் பார்த்தார். காஸ் அடுப்பில் பாதி வெப்பம் பானையின் ஓரத்தால் போய்விடும். பானைக்குள் சேர்வது சுமார் 80 கிலோவாட் மணித்தியாலம். இண்டக்சன் அடுப்பு எடுக்கும் மின்சாரத்தில் 80 வீதத்துக்கும் மேல் பானைக்குப் போவதால், அதே சமையலுக்கு 100 யூனிட் அளவு போதும். அதே சிலிண்டரைச் சிறிய ஜெனரேட்டரில் மாட்டினாலோ 20 முதல் 25 வீதம்தான் தேறும்; கிடைப்பது 32 முதல் 40 யூனிட். ஒரே சிலிண்டர்தான், ஆனால் அதை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

அந்த 100 யூனிட்டை ரூபாயாக்கும்போதும் கவனம் வேண்டும். வீட்டுக் கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இப்போதைய பில்லில் வரும் சராசரி விலையால் 100 ஐப் பெருக்காதீர்கள். பழைய யூனிட்டோடு சேர்த்து, எங்கள் வீடு போல 90 என்றால் 190 யூனிட்டுக்கு முழுப் பில்லும் எவ்வளவு வரும் என்று போட்டு, அதிலிருந்து பழைய பில்லைக் கழியுங்கள். மிஞ்சும் தொகையைத்தான் சிலிண்டர் விலையோடு ஒப்பிட வேண்டும்.