ஏற்காட்டு ஏரிச் சரிவில் கட்டுகிறீர்களா? முதலில் மண்ணைப் பிடியுங்கள்

ஏற்காட்டில் ஏரியைப் பார்த்துச் சரியும் மனையில் வீடோ காட்டேஜோ கட்டுகிறவர்கள் டைல்ஸுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைத் தோண்டின மண்ணுக்குக் காட்டினால் போதும். ஒரு நல்ல மழையில் அந்த மண் ஓடை வழியாக ஏரிக்குள் போய் அடியில் படிந்துவிடும். ஏரி நிரம்பி வழிவது கிளியூர் அருவிக்கு, ஆகவே மேலே செய்த வேலை கீழே கலங்கலாகத் தெரியும்.

காலம் பார்த்து இறங்குங்கள். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் கோடை மழை வேறு. காபிச் செடியைப் பூக்கவைக்கும் அந்தப் பூ மழை காபிக்கு நல்லது, திறந்து கிடக்கும் கடைக்கால் குழிக்கு அல்ல. பொங்கல் முடிந்ததும் ஜேசிபியை இறக்கி மார்ச்சுக்குள் கடைக்காலை மூடிவிடுங்கள். மொத்த மனையையும் ஒரேயடியாக வழித்துவிடலாம் என்று டிரைவர் சொல்வார் (மணிக்கணக்கில் வாடகை, வேறென்ன சொல்வார்?), கட்டுகிற இடத்தை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி, அனுமதிக்கு நாளாகும், மழைக்காலத்தில் அந்த அலைச்சலை முடித்துவிடலாம்.

அப்புறம் தடுப்பு, அதுவும் தோண்டுவதற்கு முன்பே. மேலிருந்து வரும் மழைநீர் மனைக்குள் நுழையாமல் மேல்பக்கம் வாய்க்கால் எடுத்து ஓரமாகத் திருப்பி, அது விழுகிற இடத்தில் கல் பரப்புங்கள்; பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கீழ்ப்பக்கம் மேஸ்திரியின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) வைத்து ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அதன்மேல் மண் மூட்டைகளை இணைப்பு மாற்றி அடுக்குங்கள். மட்டம் தப்பினால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் சேர்ந்து அங்கேயே உடைத்துக்கொண்டு போகும். தாழ்ந்த மூலையில் மண் படிய ஒரு குழி, தண்ணீர் வெளியேறும் வாயில் ஜல்லி. குழி பாதி நிறைந்ததும் வாரிவிடுங்கள். குவித்த மண்ணுக்கும் எம்-சாண்டுக்கும் தார்ப்பாய். கான்கிரீட் மிக்சர் கழுவின தண்ணீர் ஓடைக்குப் போகவே கூடாது, அந்தச் சிமெண்டின் காரத்தன்மை மீனுக்கு ஆகாது.

கரையோரக் கோரையையும் புதரையும் வியூ மறைக்கிறது என்று சீவிவிட்டு நேர்க்குத்தாகச் சுவர் எழுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சுவர் முடிகிற இடத்தில் பக்கத்துக்காரர் கரை அரிக்கும். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வந்து மணல் வரத்து தடைபட்டதும், வடக்கே இருந்த ஊர்க் கடற்கரை கரைந்து கருங்கல்தான் மிஞ்சியது. ஏரியில் அந்த அலை இல்லை, ஆனாலும் கரையைப் புல்லும் வேரும் பிடிக்கிற மாதிரி சுவர் பிடிக்காது. சரிவில் மட்டக்கோட்டில் நெருக்கமாக வெட்டிவேர் நடுங்கள். மேலே தாங்குசுவர் கட்டியே ஆகவேண்டும் என்றால் வீப் ஹோல் (தண்ணீர் வடியும் துளை) விட்டு, பின்னால் ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊறின மண் சுவரையே தள்ளிவிடும்.