மூன்று பைண்டிங் உடைத்தவன் நாலாவதை வாங்கிய கதை: நின்று பிடிக்கிற ஸ்னோபோர்ட் பைண்டிங் தெரிவு செய்வது எப்படி?

போன வருடம் பெப்ரவரி, ஒன்ராறியோவின் புளூ மவுண்டன் சறுக்கு மலை. மேலிருந்து கால்வாசித் தூரம்கூட இறங்கியிருக்க மாட்டேன், பின்கால் பைண்டிங் (பூட்ஸைப் போர்டோடு பிணைத்து வைக்கிற சாமான்) போர்டை விட்டுக் கழன்று என் பூட்ஸோடேயே வந்துவிட்டது. விழுந்ததில் பெரிதாக நோகவில்லை. மொத்தமே 720 அடி மலைதான், அல்ப்ஸ் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு கையில் போர்டும் மறு கையில் பைண்டிங்குமாக ஓரத்தால் நடந்து இறங்கிப் பாருங்கள், 720 அடி என்றால் எவ்வளவு என்று விளங்கும்.

மூன்று பருவத்தில் அது மூன்றாவது உடைவு. முதல் வருடம் முன்பட்டியின் லாடர் (பல் வைத்த அந்த பிளாஸ்டிக் நாக்கு) நடுவால் முறிந்தது. அடுத்த வருடம் கணுக்கால் பட்டியைப் பிடித்திருந்த போல்ட், ஆட்களை மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டுக்குக் கீழே எங்கேயோ பனிக்குள் விழுந்து காணாமல் போனது. ஒவ்வொரு முறையும் "மலிவுச் சாமான், வேறென்ன" என்று திட்டிவிட்டு, முந்தியதைவிட நூறு டொலர் கூடின ஒன்றை வாங்கினேன். மூன்றாவதும் போனபோது அதற்கு மேல் கொடுக்க எனக்கு மனமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. அதற்குப் பிறகுதான் மினக்கெட்டு இருந்து யோசித்தேன். புதிதாக பைண்டிங் வாங்குகிறவர்களுக்கும், என்னைப்போல உடைத்துவிட்டு நிற்பவர்களுக்கும் இது.

எந்தப் பாகையில் நிற்பது, எந்தக் கால் முன்னுக்கு என்பதெல்லாம் இங்கே இல்லை. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்.

1. உடைந்ததை எறியாதீர்கள், மேசையில் வைத்துப் பாருங்கள்

பைண்டிங் என்றால் அடியில் பேஸ்பிளேட், அதன் நடுவில் வட்டமான டிஸ்க், பின்னால் குதிக்காலைச் சுற்றும் ஹீல்கப், கெண்டைக்காலுக்குச் சாய்மானமாக ஹைபாக், மேலே கணுக்கால் பட்டி, முன்பட்டி, அவற்றை இறுக்கும் ரட்செட் (நெம்ப நெம்ப லாடரின் பற்களைக் கவ்வி இழுக்கிற பூட்டு), லாடர். விளம்பரம் முழுக்க பேஸ்பிளேட்டைப் பற்றியே பேசும்: கண்ணாடி இழை கலந்த நைலோன், அலுமினியம், காபன் என்று. என் மூன்று உடைவில் இரண்டு சில டொலருக்கு வாங்கக்கூடிய சின்னத் துண்டுகளில்தான் நடந்தது. லாடரும் ரட்செட்டும் தேய்கிற சாமான்கள், சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி. அவை உடையத்தான் செய்யும். உடைந்த சனிக்கிழமையே மாற்றுத் துண்டு கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவதுதான் பேஸ்பிளேட். டிஸ்க் உட்காரும் வட்டத்தின் ஓரம் பிளந்திருந்தது. பிளாஸ்டிக்கின் குறை என்றே நான் நம்பினேன். மார்க்கம் நகரில் சைக்கிள் திருத்துகிற நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டிஸ்க்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவிவிட்டுச் சொன்னான்: "மச்சான், இது தானா வெடிக்கேல்லை. நீ வெடிக்க வைச்சது."

டிஸ்க்கின் விளிம்பைச் சுற்றி நுணுக்கமான பற்கள் இருக்கும். பேஸ்பிளேட்டிலும் அதற்கு எதிர்ப்பற்கள் இருக்கும். இரண்டும் கவ்விக்கொள்வதால்தான் நீங்கள் வைத்த பாகை அசையாமல் நிற்கிறது. என் டிஸ்க்கில் ஒரு பக்கப் பற்கள் மழுங்கி, கையில் வெள்ளைத் தூள் ஒட்டியது. ஸ்க்ரூ தளர்ந்து, டிஸ்க் ஆடி ஆடி, பல் அரைபட்டு, கடைசியில் சுமை முழுக்க ஒரு ஓரத்தில் விழுந்து பிளந்திருக்கிறது. ஏன் தளர்ந்தது என்பதை 5ஆம் படியில் சொல்கிறேன். என்னை மூன்று வருடம் விழுத்திய இடம் அது.

2. உங்கள் போர்டில் என்ன துளை?

போர்டின் மேற்பக்கத்தைப் பாருங்கள். 4 சென்ரிமீற்றர் இடைவெளியில் சதுரமாகத் துளைகள் இருந்தால் 4×4. நீளவாட்டில் 2 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று நெருக்கமாக இருந்தால் 2×4. சாதாரண டிஸ்க் இரண்டுக்கும் பொருந்தும். துளைக்குப் பதிலாக நீளமான பள்ளம் ஓடினால் அது பேர்ட்டன் கொம்பனியின் 'சனல்' முறை. முக்கோணமாக மூன்று துளை இருந்தால் பேர்ட்டனின் பழைய 3டி. அதற்குத் தனி டிஸ்க் வேண்டும்.

(பின்னர் சேர்த்தது: பேர்ட்டனில் இஎஸ்டி என்று எழுதியிருக்கும் பைண்டிங்குக்கு நடுவில் டிஸ்க்கே கிடையாது. சனல் போர்டுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கழிவு விலையில் கண்டு ஆசைப்பட்டு வாங்கி, 4×4 போர்டோடு வைத்துக்கொண்டு முழித்தவர்கள் ஒருவரல்ல, மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் ரீஃப்ளெக்ஸ் என்று இருந்தால் சரியான டிஸ்க்கோடு எல்லாவற்றிலும் பூட்டலாம்.)

3. பூட்ஸையும் கையுறையையும் கடைக்குக் கொண்டு போங்கள்

வெறும் காலளவை வைத்து ஒன்லைனில் வாங்காதீர்கள். பூட்ஸை உள்ளே வைத்து இரண்டு பட்டியையும் இறுக்கிவிட்டு லாடரைப் பாருங்கள். ரட்செட்டுக்குள் நடுப்பகுதிப் பற்கள் இருக்க வேண்டும். நுனியில் இரண்டு மூன்று பல் மட்டும் கவ்வியிருந்தால் பைண்டிங் உங்களுக்குச் சின்னது. ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் பாரம் அந்த இரண்டு பல்லில்தான் விழும். நான் முறித்த முதல் லாடர் அப்படித்தான் முறிந்தது. மறுதலையாக, கடைசிவரை இழுத்தும் பூட்ஸ் ஆடினால் பெரியது. லாடரும் பட்டியும் பிடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று துளை இருக்கும், அதை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அளவு சரியில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். என் மகளுடையது ஒரு துளை தள்ளியதோடு சரியாகிவிட்டது.

பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு ரட்செட்டைப் பத்துத் தரம் பூட்டித் திறவுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். பத்தில் ஒரு தரம் பல் வழுக்கினாலும் எனக்கு வேண்டாம். கடைக்குள் இருபது பாகைச் சூட்டில் வழுக்குவது, மேலே மைனஸ் 18இல் ரட்செட்டுக்குள் பனித்தூள் இறுகிய பிறகு என்ன செய்யும்? நெம்புகோல் உலோகமாக இருக்கிற ரட்செட்டையே நான் எடுப்பேன். பிளாஸ்டிக் நெம்புகோல் குளிரில் விறைத்து, ஒருநாள் பெருவிரலுக்குக் கீழே மொடுக்கென்று போகும்.

4. எது உழைக்கும்? (முழுக்க என் அபிப்பிராயம்)

பேஸ்பிளேட்டுக்குக் கண்ணாடி இழை கலந்த நைலோன் போதும். காபன் பாரம் குறைவுதான், ஆனால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை போகிற எனக்கும் உங்களுக்கும் அந்தக் காசு வீண். ஹீல்கப் மட்டும் அலுமினியமாக இருந்தால் நல்லது. அடிபட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் வெளியே சுகமாகத் தெரிந்தபடி உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்.

விறைப்பை 10க்கு இத்தனை என்று போட்டிருப்பார்கள். தொடக்கக்காரருக்கு 4, 5 போதும். மிக விறைப்பானதுதான் அதிகம் உழைக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

பட்டியே இல்லாமல் மிதித்தால் பூட்டிக்கொள்கிற வகையும் உண்டு. பேர்ட்டனின் ஸ்டெப் ஒன் 2017இல் வந்தது. குதிக்காலில் ஒரு இடம், முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் கவ்வும். குனிய முடியாத முதுகுக்காரருக்குச் சொர்க்கம். ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ்தான் போடலாம், மலையில் ஏதும் உடைந்தால் கையில் கிடைக்கிற பட்டியால் கட்டிக்கொண்டு இறங்கவும் ஏலாது. அதனால் நான் இன்னும் பட்டிக் கட்சிதான்.

இனி முக்கியமானது. கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த மொடலுக்கு லாடர் தனியாக விற்கிறீர்களா? ரட்செட்? டிஸ்க்? "கொம்பனிக்கு எழுதினால் அனுப்புவார்கள்" என்றால் அதற்குள் மார்ச் வந்துவிடும். அலுமாரியைத் திறந்து சின்னப் பையொன்றை எடுத்துக் காட்டினால் அந்த பைண்டிங்கை வாங்குங்கள். உத்தரவாதத்தையும் வாசியுங்கள். பேஸ்பிளேட்டுக்கு ஆயுள் முழுக்க என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பட்டிக்கும் லாடருக்கும் ஒரு வருடம் என்று சின்ன எழுத்தில் முடிக்கிற கொம்பனிகள் உண்டு. உடையாததற்கு ஆயுள், உடைவதற்கு ஒரு வருடம்!

நான் கடைசியில் வாங்கியது யூனியன் கொம்பனியின் நடுத்தர மொடல் ஒன்று. காரணம் வேறொன்றுமில்லை, எனக்குப் பக்கத்துக் கடையில் அதற்கு உதிரிப்பாகம் தொங்குகிறது. உங்கள் பக்கத்துக் கடையில் பேர்ட்டன் சாமான் தொங்கினால் அதை வாங்குங்கள்.

கிஜிஜி விளம்பரத் தளத்தில் பழையது பார்க்கிறவர்கள் டிஸ்க்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் வட்டத்தைச் சுற்றியும் ஹீல்கப் போல்டைச் சுற்றியும் பிளாஸ்டிக் வெள்ளை பூத்த மாதிரிக் கோடு ஓடியிருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள். பிளாஸ்டிக் அங்கே ஏற்கெனவே இழுபட்டுவிட்டது.

5. பூட்டுவது: ஆறுதலாக, வீட்டுக்குள்

மூன்று வருடமாக நான் பைண்டிங் பூட்டியது எங்கே தெரியுமா? கார் நிறுத்துமிடத்தில். ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓட்டி வந்து, டிக்கியைத் திறந்து, கை விறைக்க விறைக்க நாலு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு லிஃப்டுக்கு ஓடுவேன். அப்போது டிஸ்க்குக்குக் கீழே கொஞ்சம் பனி இருக்கும். தாள் தடிப்புத்தான். முறுக்கும்போது அதுவும் கல்லாக இறுகிவிடும், ஸ்க்ரூ நன்றாக இறுகிய மாதிரியே கைக்குத் தெரியும். மத்தியானம் போர்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு சூப் குடிப்போம். பனி உருகும். தாள் தடிப்பு இடைவெளி வரும். பின்னேரம் முழுக்க டிஸ்க் ஆடும். ஒன்ராறியோ மலைகளில் பாதிப் பனி இயந்திரம் செய்தது, இரவில் கண்ணாடி மாதிரி இறுகும். அதன்மேல் கடகடவென்று அதிர்ந்துகொண்டு போக, பற்களை அரைத்தெடுக்க வேறென்ன வேண்டும்?

ஆகவே, முதல் நாள் இரவு, வீட்டில். போர்டின் துளைகளையும் டிஸ்க்கின் அடியையும் துணியால் துடைத்து உலர விடுங்கள். டிஸ்க்கை வைத்து, பற்கள் கவ்வும்வரை கையால் அழுத்தித் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. நாலு ஸ்க்ரூவையும் முதலில் விரலாலேயே தொடக்குங்கள். விரலுக்கு இடக்குப் பண்ணினால் புரி கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பவும் வையுங்கள். இவை எம்6 ஸ்க்ரூக்கள், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் இறங்கும். எண்ணிக்கொண்டே சுற்றுங்கள். இறுகும் முன் ஐந்து, ஆறு சுற்றாவது போக வேண்டும். இரண்டோடு இறுகினால் ஸ்க்ரூ கட்டை. மறுபுறம், டிஸ்க் ஆடிக்கொண்டிருக்க ஸ்க்ரூ மட்டும் முட்டி நின்றால் அது நீளம். அதற்கு மேலும் முறுக்கினால் போர்டின் அடிப்பக்கம் கொப்புளம் மாதிரிப் புடைக்கும். பெட்டியோடு வந்த ஸ்க்ரூவையே பாவித்தால் இந்தத் தலையிடி இல்லை.

பிறகு மூலைக்கு மூலையாக, கார்ச் சில்லுக்கு நட் இறுக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மின்சாரத் துளைகருவி வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். சிலுவைக் கோடுகளுக்கு நடுவே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது பிலிப்ஸ் இல்லை, பொசிட்ரைவ். 3ஆம் இலக்கப் பொசிட்ரைவ் முனை ஒன்று சில டொலர்தான். வீட்டிலிருக்கும் 2ஆம் இலக்கத்தால் முறுக்கினால் தலை மொழுகிவிடும், பிறகு கழற்றுவது தனிக்கதை.

(பின்னர் சேர்த்தது: ஸ்க்ரூ தளராமலிருக்க லொக்டைட் (புரியைப் பிடித்துவைக்கிற பசை) போடலாமா என்று பலர் கேட்டார்கள். புது ஸ்க்ரூவின் புரியில் நீல நிறத்தில் ஏற்கெனவே ஏதோ பூசியிருந்தால் அதுவே காணும். அது தேய்ந்துபோயிருந்தால் நீல வகை ஒரு துளி, உலோகப் புரியில் மட்டும். வழிந்து டிஸ்க்கில் படக் கூடாது. பொலிகாபனேற்று போன்ற சில பிளாஸ்டிக்குகளில் அது பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழும். சிவப்பு வகையைத் தொடவே தொடாதீர்கள், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டி வரும்.)

6. சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் பை

முன்பட்டி லாடர் ஒன்று, கணுக்கால் லாடர் ஒன்று, அவற்றின் போல்டும் நட்டும், டிஸ்க் ஸ்க்ரூ இரண்டு, கட்டைப்பிடி ஸ்க்ரூட்ரைவர், நாலு பிளாஸ்டிக் இழுகட்டு. எல்லாம் சேர்த்தும் ஒரு கைபேசியின் பாரம் வராது. ஸ்கீ பைண்டிங் மாதிரி விழும்போது தானாகக் கழன்று கொடுக்கிற சாமான் இல்லை இது. இரண்டு காலும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். பாதி வழியில் ஒரு கால் மட்டும் விடுபட்டால் முழங்கால்தான் விலை கொடுக்கும். பட்டி போனால் ஓரமாக உட்கார்ந்து மாற்றுங்கள், ஒற்றைக்காலில் சமாளித்து இறங்க நினைக்காதீர்கள்.

இந்த ஜனவரியில் மகளின் முன்பட்டி லாடர் போனது. மரத்தடியில் இருத்தி மாற்றினேன். முழுதாகப் பத்து நிமிடமும் ஆகவில்லை, அதிலும் பாதி நேரம் பனிக்குள் விழுந்த நட்டைத் தேடியதில் போனது. அதற்குப் பிறகு பையில் நட் மட்டும் மூன்று வைத்திருக்கிறேன்.

போகிற அன்று இரண்டாவது ஓட்டம் முடிந்ததும், லிஃப்ட் வரிசையில் நிற்க முன்னர், எட்டு ஸ்க்ரூவிலும் ஒருக்கால் ஸ்க்ரூட்ரைவரை வைத்துப் பாருங்கள். புதிதாகப் பூட்டியதில் ஒன்றிரண்டு கால்சுற்று இறங்கும். அரைச்சுற்றுக்கு மேல் இறங்கினால் டிஸ்க்கைக் கழற்றி அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.